யார் கையும் படாத தலை

முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. ஒரு கையில் உருளைச் சீப்பு, மறு கையில் ஹேர் டிரையர். கடை திறக்குமுன் இன்ஷிராஹ் தன் தலையைத் தானே சரிசெய்துகொள்கிறாள். அலெக்சாந்திரியாவில், பஹரி மீன்சந்தைக்குப் பின்னால் பெண்கள் பார்லர் நடத்துகிறவள். ஊரார் தலையெல்லாம் அவள் கையில். அவள் தலையை மட்டும் யாரும் தொட்டதில்லை.

"கத்துக்கிற கழுதைங்ககிட்ட என் முடியக் குடுக்கவா?" என்பாள்.

கழுதைகள் என்றால் அவளிடம் வேலைக்கு வரும் பெண்கள். ஒன்றும் தெரியாமல் வருவார்கள். முதலில் தலை அலசல், பிறகு உலர்த்தல், கடைசியில் சாயம். கற்கும்வரை சம்பளம் கொஞ்சம்தான். கை தேர்ந்ததும், ஊரின் பணக்காரப் பகுதியான ஸ்மூஹாவின் பெரிய பார்லர்கள் இரட்டிப்புச் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும்.

"சாயம் கலக்குறத மட்டும் சொல்லிக் குடுக்காத. எவளும் போகமாட்டா" என்பாள் அவள் நாத்தனார் ஸஃபிய்யா.

"அரைகுறையாப் போயி எவ தலையயாச்சும் பொசுக்கி வச்சான்னா? யாருகிட்டடி கத்துக்கிட்டேன்னுதான் கேப்பாங்க. என் பேருல்ல நாறும்!"

இந்த முறை போனவள் நெர்மீன். கெட்டிக்காரி, இன்ஷிராஹுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டதென்று ஒரு வாரம் கத்தினாள். சீப்புகள் பறந்தன. தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று ஸஃபிய்யாவுக்கும் திட்டு விழுந்தது.

பிறகு ஸஃபிய்யாதான் சேதி கொண்டுவந்தாள். புது இடத்தில் நெர்மீன் தலை மட்டும் அலசிக்கொண்டிருக்கிறாளாம். "பேரச் சொல்லி ஒருத்தியாச்சும் கேட்டு வரட்டும், அப்புறந்தான் பேசுன சம்பளம்னு முதலாளியம்மா சொல்லிட்டாளாம். மாசம் முடியுறதுக்குள்ள யாரும் வரலன்னா கெளம்ப வேண்டியதுதானாம்."

"நல்லா வேணும்" என்றாள் இன்ஷிராஹ்.

மறுநாள் வியாழன். கல்யாணக் கூட்டம் நெரியும் நாள். கடையை ஸஃபிய்யாவிடம் விட்டுவிட்டு ஸ்மூஹாவுக்கு மினிபஸ் ஏறினாள். பளபளக்கும் அந்தப் பார்லரில், முதலாளியம்மாவின் காதில் விழும்படியே கேட்டாள்:

"நெர்மீன் இருக்காளா? அவ கைன்னாதான் நான் உக்காருவேன்."

உள்ளிருந்து வந்த நெர்மீன் சுவரோடு சுவராக நின்றுவிட்டாள். "அக்கா... நீங்களா?"

"ஏன், எனக்குத் தலை இல்லையா? தண்ணி சூட்ட உன் கையில பாத்துட்டு ஊத்து, கழுத."

இன்ஷிராஹ் தலைத்துணியின் ஊசியை உருவி உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து, கழுத்தைத் தொட்டி விளிம்பில் வைத்து, கண்களை மூடினாள்.