வாளி ஜோசப் அப்போஸ்தலராக இருந்த மூன்று வாரம்

எந்த விருந்துக்குப் போனாலும் ஜோசப் மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், இலையைத்தான் பார்ப்பார். இருபது வருடமாக ஊர் இதைக் கவனித்து வந்தது. கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் கொடி காட்டுவது அவர் உத்தியோகம். கேட் திறக்கக் காத்திருக்கும் தெரிந்த ஆளையே "ஐயா எந்த ஊரு?" என்று விசாரிப்பார்.

"இன்னாய்யா, போன மாசம் எங்க ஊட்டுக் கல்யாணத்துல நீதானே பரிமாறின?"

"அடேடே! மூணாவது பந்தி, கம்பத்துக்குப் பக்கத்து இலை! அப்பளத்தை நொறுக்கி ரசத்துல போட்டுக்கினீங்களே, அந்த ஐயாவா?" அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற பேதமில்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தி போட்டாலும் சாம்பார் வாளி ஜோசப்பின் கைக்குத்தான் வரும். கூலி கிடையாது. இருநூறு இலைக்கு ஒரு சொட்டு தரையில் விழாது. கேட்கக் கூச்சப்படுகிறவர் யார், போதும் போதும் என்று கையை மறித்துக்கொண்டே விரலிடுக்கில் வாங்கிக்கொள்கிறவர் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர் வைத்த 'வாளி ஜோசப்' என்ற பெயரை அவர் ஒரு பட்டம் மாதிரி சுமந்துகொண்டிருந்தார், மகள் செல்விக்கு வரன் பார்க்கத் தொடங்கும் வரை.

வரன் நல்ல வரன். பையனின் அப்பா குப்புராஜ், ஆரணியில் டிராயிங் மாஸ்டர். பெண் பிடித்திருந்தது, எல்லாம் பிடித்திருந்தது. "பொண்ணோட அப்பா சபையில இன்னாவா இருக்காரு?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். "வாளி தூக்குறாரு" என்று தரகர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். யோசித்துச் சொல்வதாகப் போன குப்புராஜ் நாலு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார்.

"அந்த வாளியைத் தண்டவாளத்துல வெச்சு நசுக்கினாத்தான் எம்பொண்ணுக்கு விடியும்" என்றாள் ஜோசப்பின் மனைவி ரத்னா.

அந்தச் சமயத்தில்தான், 1967இல், சபைக்குப் புதுப் போதகர் வந்தார். படிப்பு முடித்த சூடு ஆறாத இளைஞர். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே ஒரு திட்டம் அறிவித்தார். ஆதிச் சபையில் ஆண்டவரின் சீடர்களான அப்போஸ்தலர் பன்னிரண்டு பேர். ஜெபமும் போதனையும் அவர்கள் வேலை. பந்தி கவனிப்பது தங்களுக்குத் தகாது என்று சொல்லி, அதற்கு வேறு ஏழு பேரை நியமித்தார்கள். இங்கேயும் அப்படியே நடக்கும். காட்டிக்கொடுத்த யூதாசின் காலி இடத்துக்குச் சீட்டுப் போட்டுத்தானே ஆள் எடுத்தார்கள்? இங்கேயும் சீட்டுதான்.

காணிக்கைப் பைக்குள் போதகர் கைவிட்டுச் சீட்டு எடுத்தார். பன்னிரண்டாவது சீட்டில் ஜோசப்பின் பெயர் வந்தது.

"அப்போ சாம்பார் யாரு ஊத்துறது?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து எல்லம்மா கேட்டாள். சபையே சிரித்தது. ரத்னா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே தரகர் மூலம் ஆரணிக்குச் சேதி போயிற்று: பெண்ணின் அப்பா பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர். சபையில் நடக்கவிருந்த அறுப்பின் பண்டிகை விருந்துக்கு வந்து நேரிலேயே பார்ப்பதாக குப்புராஜ் பதில் அனுப்பினார்.

விருந்துக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போஸ்தலர்கள் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும். புதுவாயலில் ஒரு வீட்டில் ஜோசப்பின் முறை வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தை, யம்மா பால் பொங்குது பாரு, ஆசீர்வதியும்" என்றார். அந்த வீட்டம்மாள் அடுப்புக்கு ஓடினாள். கூட வந்த அப்போஸ்தலர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஜோசப்புக்கு உள்ளே வேறொரு குடைச்சல். ஸ்டேஷன் எதிரே டீக்கடை வைத்திருந்த பரசுராமனிடம்தான் அதைச் சொன்னார்.

"ஏம்ப்பா பரசு, பைபிள்ல ஆண்டவர் கையில அஞ்சு அப்பம், ரெண்டு மீனு. ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு. ஐம்பது ஐம்பது பேரா வரிசையா குந்த வெச்சாங்க. அது இன்னா?"

"பந்தி."

"பரிமாறினது யாரு? இதே பன்னெண்டு பேருதான். மிச்சம் எத்தினி கூடைன்ற? பன்னெண்டு! ஆளுக்கு ஒரு கூடை கையில இருந்திருக்கு. அன்னிக்கு ஐயாயிரம் இலைக்கு ஓடினவங்க, அப்புறம் இன்னாத்துக்கு எங்களுக்குத் தகாதுன்னாங்க?"

பரசுராமன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஐயாயிரம் பேருக்கு ஒரே நாள்ல பரிமாறினா நானும்தான் தகாதும்பேன். இடுப்பு இன்னாத்துக்கு ஆவுறது?"

ஜோசப் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

விருந்து நாள். சபைக் கோயிலை ஒட்டிக் கீற்றுப் பந்தல். பஞ்ச காலம் என்பதால் கறி கிடையாது. சாதம், கத்தரிக்காய் சாம்பார், ரசம், பாயசம். பன்னிரண்டு பேரும் போதகரோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜோசப்பின் சட்டைக்கு ரத்னா அப்படி ஒரு கஞ்சி போட்டிருந்தாள். குனிந்தால் உடைந்துவிடும் போலிருந்தது. எதிர் வரிசையின் கடைசி இலையில் பழுப்புக் கோட்டுடன் ஒருவர். பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னா ஜாடை காட்டினாள்: அவர்தான். அடுத்த ஜாடை: அசையாதே.

நியமிக்கப்பட்ட ஏழு பேரும் நல்ல பையன்கள்தான். சாதத்தை வரிசையின் ஒரு முனையிலிருந்தும், சாம்பாரை மறுமுனையிலிருந்தும் தொடங்கினார்கள். நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. பாதிப் பேருக்குச் சாதமில்லாமல் சாம்பார். அது இலையைத் தாண்டி மடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீதிப் பேருக்குச் சாம்பாரில்லாமல் சாதம். குப்புராஜ் இரண்டாவது கட்சி. சாதத்தின் நடுவில் காம்பஸ் வைத்ததுபோல் வட்டமாக ஒரு குழி பறித்துவைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சாம்பார் வாளி அவர் பக்கமாக வந்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, தீர்ந்துவிட்டது என்று போனது.

ஜோசப் தன் இலையைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. கண் அந்தக் குழியிலேயே போய் விழுந்தது. எழுந்தால் செல்வியின் கல்யாணம் போச்சு. எழாவிட்டால் அந்த இலை காய்ந்துகொண்டிருக்கிறது. அவர் முட்டி தானாகவே நிமிர்ந்தது.

"ஜோசப், உட்காருங்க. வசனம் என்ன சொல்லுது?" என்றார் போதகர் அடிக்குரலில்.

"வசனம் சரிதாங்க ஐயா. சாம்பார் வரல."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், நிறைந்த வாளியோடு திரும்பினார். ரத்னா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜோசப் நேராகக் கடைசி இலைக்கு வந்து, குழி நிறைய, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றினார்.

குப்புராஜ் ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க பன்னெண்டு பேர்ல ஒருத்தர்னாங்களே?"

"குந்திக்கினு இருந்த வரைக்கும் இருந்தேன் சார். காய் போடட்டா? கேக்கக் கூச்சப்படுறீங்க, போடறேன்."

குப்புராஜ் இலையை லேசாக முன்னால் தள்ளினார். சாப்பிட்டார். ரசம் இரண்டு தரம். கை கழுவியதும் தரகரைக் கூப்பிட்டார். "நாலு மாசமா வயிறு ரொம்பிக்கினு யோசிச்சேன், ஒண்ணும் புரியல. பசியோட யோசிச்சா உடனே புரிஞ்சிடுது. தேதி பாருய்யா."

அதற்குள் ஜோசப் நாலு வரிசை ஓடி முடித்திருந்தார். முதல் வரிசையில் போதகர் இலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாயசம் வரவில்லை.

"ஜோசப், எனக்கு?"

"தோ வந்துட்டேங்க ஐயா" என்று போனவரை, தேதி விஷயம் சொல்ல ரத்னா வழியில் மடக்கிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் போதகரை மறந்தே போனார். நினைவு வந்தபோது அண்டா காலி. "அடுத்த விருந்துல ரெண்டு கரண்டியா ஊத்திடறேங்க ஐயா."

அடுத்த விருந்துக்கு முன் போதகருக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. போகும்போது சபையின் பன்னிருவர் பட்டியலையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போனார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவரிடமிருந்து ஒரு கார்டு வரும். ஆசீர்வாதத்துக்குக் கீழே 'பாயசம் எங்கே?' என்று எழுதியிருக்கும். 'வந்துகொண்டே இருக்கிறது' என்று ஜோசப் பதில் போடுவார். ஒன்பது வருடம் இப்படியே நடந்தது.

1976இல் நாலு நாள் காய்ச்சலில் ஜோசப் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் போதகர் வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு ரத்னாவிடம் மெல்ல, "எனக்கு ரெண்டு கரண்டி வரவேண்டியிருக்கும்மா" என்றார்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "காரியம் முடியட்டும் ஐயா, நானே காய்ச்சி ஊத்தறேன்."

"வேண்டாம்மா. அது அவரு பாக்கி."