திங்கட்கிழமை மயக்கம்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. எண்பதுகளில் மருந்தாளுநர் படிப்பின் மூன்றாம் வருடத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு விரிவுரையாளர் எங்கள் ஆறு பேர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். தாளில் ஒரு நோயாளியின் கதை. நடுவயதுப் பெண், இரத்தக்கொதிப்பு, மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. ஏன் என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டுமாம். பாடம் நடத்தமாட்டாராம். என்ன கேட்டாலும், "இன்னும் என்ன தெரியவேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அந்தத் தாளிலிருந்த பெண் அப்படியே என் அம்மா. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுக்கும் கொதிப்பு, அவளுக்கும் மாத்திரை. இரண்டாவது முறையாக மலைச்சரிவில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு முறையும் திங்கட்கிழமை. தாளிலிருந்த பெண்ணிடம் கேட்பதற்காக நாங்கள் ஆறு பேரும் எழுதிய பதினோரு கேள்விகளை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் சந்தேகமெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் மேல். சனிக்கிழமைதோறும் கொதிப்பைப் பார்த்து, ஒரு வாரத்துக்கு ஏழு மாத்திரை கொடுப்பவர் அவர்தான். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறாரோ? ஊர் போய்ச் சேர்ந்த சனிக்கிழமையே அம்மாவோடு போனேன். கொதிப்பு ஏறித்தான் இருந்தது. மருந்து டப்பாவைக் காட்டச் சொன்னேன். மனிதருக்கு முகம் கடுத்தது.

"நேத்துப் பொறந்த புள்ள என்னையே சோதிக்குது. பாரு லா, நல்லாப் பாரு."

தேதி சரியாக இருந்தது. மாத்திரையும் சரிதான், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றிக் கொதிப்பைக் குறைப்பது. அடுத்த வாரம் டாக்டர் வந்ததும் அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லப்போகிறேன் என்றார். எனக்கு அவர் மேல் சந்தேகம் போகவில்லை. உள்ளதைச் சொன்னால், யாரையாவது பிடித்துக் கொடுத்தாக வேண்டும் என்ற வெறி.

வீட்டில் அம்மாவை உட்காரவைத்துப் பதினோரு கேள்விகளையும் கேட்டேன். உப்பு எவ்வளவு, கருவாடு எத்தனை நாள், நாட்டு மருந்து உண்டா? ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னாள். அந்த வேகமே சரியாகப் படவில்லை. அவள் பார்க்காத நேரத்தில், மாத்திரை போட்டுவைக்கும் மைலோ டின்னைத் திறந்து எண்ணினேன். ஏழு.

மறுநாள் ஞாயிறு, வேலை இல்லை. காலையிலிருந்து அம்மா லைன் வீட்டு வரிசையின் கோடியிலிருந்த கக்கூஸுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மத்தியானம் டின்னைத் திறந்தேன். ஒன்றுகூட இல்லை.

ஏழையும் ஒரேயடியாக விழுங்கியிருந்தாள். வாரம் முழுக்க மருந்தே இல்லை, அதனால் சனிக்கிழமை கொதிப்பு. ஞாயிறு உடம்பிலிருந்த நீரெல்லாம் வடிந்துபோய், திங்கள் மயக்கம். அடுத்த வாரம் அளவு கூடினால் பதினாலு. புத்தி இருக்கிறதா என்று கத்திவிட்டேன்.

அம்மா கத்தவில்லை.

"மலைமேல கக்கூஸு எங்கடி இருக்கு? கங்காணி கீழ நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. ராத்திரி போட்டா லைன் கோடிக்கு இருட்டுல யாரு போறது? டிரஸ்ஸரும் ஆம்பள, டாக்டரும் ஆம்பள. யாருகிட்டடி சொல்லுவேன்? பொம்பளப் புள்ள, படிச்சிட்டு வந்து நீ கேப்பேன்னு இருந்தேன். நீ என்னடான்னா திருடி மாதிரி டின்னத் தொறந்து எண்ணுற."

அன்றைக்கே டிரஸ்ஸர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தனக்கு இது தோன்றவே இல்லை என்றார். டாக்டர் வந்ததும் வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

அடுத்த வகுப்பில், பதினோரு கேள்விக்குக் கீழே பன்னிரண்டாவதாக ஒன்று எழுதினேன்: 'வேலையிடத்தில் எங்கே ஒதுங்குவீர்கள்?' மற்ற ஐந்து பேரும், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். இருபது வருடம் அந்த மலையில் அம்மா மடியில் வளர்ந்தவள் நான். ஒரு நாளும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.