கை எட்டாத இடம்

குழம்புக் கரண்டியின் காம்பில் பழைய துணியைச் சுற்றி, அதில் சன்ஸ்கிரீனைப் பிதுக்கி, தோளுக்கு மேலாக முதுகுப் பக்கம் விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் இசைவாணி. தஞ்சாவூர் மைதானத்துக்கு நான் நடக்கப் போகும் காலைகளில் எல்லாம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இந்தக் கூத்து நடக்கும். ஓட்டப் பனியன் பின்னால் அகலமாக வெட்டியிருக்கும். கரண்டியை எப்படி வளைத்தாலும் நடுமுதுகில் உள்ளங்கை அளவு இடம் தப்பிவிடும்.

ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். கல்லூரி விளையாட்டு விடுதியில் இரண்டாம் வருஷம். ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பா காயாரோகணம் கடலுக்குப் போகிறவர். போன கோடையில் முதுகெல்லாம் கொப்புளம் வந்து, வெயில் ஒவ்வாமை என்றார் டாக்டர். மறுபடி வந்தால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. "நம்ம வீட்டுப் புள்ளைக்கு வெயிலு ஒத்துக்கலன்னா ஊரே சிரிக்கும்" என்று போனில் சொன்னாராம்.

விடுதித் தோழிகள் ஊருக்கு முந்திச் சிரித்துவிட்டார்கள். கறுத்த முகத்தில் வெள்ளைப் பூச்சைக் கண்டதும், "ஓட வந்தியா, ஒன்னயப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார்கள்.

"செவக்கறதுக்கு இல்லக்கா, தோலு வெந்துடும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்கும் சிரிப்புதான். அதோடு அவர்களிடம் எதையும் கேட்பதில்லை. எனக்கானால் அந்தப் பெண்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருக்கும். இவளோ, "அவங்க நல்லவங்கதான் சார், எனக்குத்தான் பழகத் தெரியல" என்கிறாள். சாப்பிடுவதும் தனியாகத்தான்.

சென்ற மாதப் போட்டியில் சிறப்பு விருந்தினர் ஆடி அசைந்து வந்து சேர்ந்ததில், காலையில் நடக்கவேண்டிய ஓட்டம் உச்சிவெயிலுக்குத் தள்ளிப்போனது. பூசியதெல்லாம் வியர்வையில் கரைந்துவிட்டது. விடுதிப் பெண்கள் பந்தல் நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தவள் திரும்பிவிட்டாள். தன்னோடு ஓடவேண்டிய அதிராம்பட்டினத்துக் கமருன்னிஸா, முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாகக் காலை நீவிக்கொண்டிருந்தாள். அவளிடம் டியூபை நீட்டினாள் இசைவாணி.

"முதுகுல கொஞ்சம் தடவி விடுறீங்களா? கை எட்டல."

"குனிங்க. ஐயோ, தோலு உரிஞ்சு கெடக்கே! இத்தன நாளா யாரும் பாக்கலயா?"

இசைவாணி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கமருன்னிஸா துண்டால் வியர்வையை ஒற்றியெடுத்து, அவசரமில்லாமல் தடவினாள். டியூபை மூடி அவள் கையில் வைத்துவிட்டு, ஓட்டக் கோட்டுக்கு நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகும் இசைவாணி குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.