பிடித்தம் போக

பணி நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்று நான் வார்டில் ஒருவரையும் அதட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அரசு மருத்துவமனையில் தொகுப்பூதிய நர்ஸாக ஐந்து வருடம் ஓட்டியிருந்தேன். மாதம் ஒரே தொகை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அடுத்த கட்டிலில் அதே ஊசியைப் போடும் நிரந்தர நர்ஸின் சம்பளத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இனிமேல் நானும் காலமுறை ஊதியம். லெவல், அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என்று என் பெயருக்கு எதிரே அரசாங்கம் இத்தனை வார்த்தைகளைச் செலவழித்ததே பெருமையாக இருந்தது.

மனசில் இருந்தது ஒன்றுதான். அம்மாவை அழைத்து வந்துவிட வேண்டும். அடையாற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டை அரசாங்கம் இடித்து எடுத்த பிறகு, ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் ஆறாவது மாடி கொடுத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடுகிற நாட்களைவிட ஓடாத நாட்களே அதிகம். முட்டி வலியோடு அம்மா அங்கே தனியாக இருந்தாள். நான் ராயப்பேட்டையில் இரண்டு நர்ஸ்களோடு ஓர் அறையில் இருந்தேன்.

மந்தைவெளியில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம். வீட்டுக்கார மாமி வாடகையைச் சொன்னதும் ஆணையில் இருந்த எண்களை ஃபோனில் கூட்டினேன். தாராளமாக வந்தது. வீட்டு வாடகைப்படி என்று ஒரு வரி இருந்ததால், வாடகையை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்று வேறு நினைத்துவிட்டேன். "சரி மாமி, அடுத்த மாசம் வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன்.

முதல் மாதச் சம்பளம் நான் கூட்டிவைத்ததைவிடக் குறைவாக வங்கியில் ஏறிய செய்தியைப் பார்த்ததும் நேராகச் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அங்கிருந்த கிளார்க் அம்மா சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"உக்காருங்க சிஸ்டர். மேல இருக்கறது பெருமைக்கு. கீழ இருக்கறதுதான் சோத்துக்கு."

பென்சிலால் வரி வரியாகத் தட்டினார். ஓய்வூதியப் பங்களிப்பு, குடும்ப நல நிதி, மருத்துவக் காப்பீடு, வருமான வரி. "இதெல்லாம் பிடித்தம்" என்றார்.

"எனக்குப் பிடிக்கலையே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாதம் ஒருவராவது இதைச் சொல்வார்கள் போல. வீட்டு வாடகைப்படியையும் காட்டினார். அதை வைத்து மந்தைவெளியில் ஸ்கூட்டியை வேண்டுமானால் குடிவைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டோடு ஆறு மாடி ஏறினேன். அம்மா துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாடி, மூஞ்சி இப்படி கீது?"

"அந்த வீடு முடியாதும்மா. நெறைய புடிச்சிட்டாங்க."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"இது இன்னாத்துக்கு?"

"நான் ரிடையர் ஆனப்புறம் எனக்கே தர்றதுக்கு."

"இது?"

"உடம்பு சரியில்லாம போனா."

அம்மா சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நானும் இருவது வருசம் ஆஸ்பத்திரி பெருக்கிகினுதான இருந்தேன். கன்ட்ராக்ட்டு. கவர்ல போட்டு குடுப்பான். ஒரு பைசா புடிச்சதில்ல. அத போய் பெருமையா சொல்லிகினு திரிஞ்சேன்." முட்டியைத் தடவினாள். "அன்னிக்கு புடிச்சிருந்தா, இன்னிக்கு உன் வாடகைல பாதிய நான் குடுத்திருப்பேன்."

அங்கிருந்தே மாமிக்கு ஃபோன் போட்டு, வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன்.

"இதுக்கென்ன, நம்மாத்துலயே பின்னாடி ஒரு ரூம் காலியாறது. ஒரு ரூமும் சமையலறையும்தான். தேவலையா?" என்றார் மாமி.

தேவலை என்றேன். அம்மா மூட்டையைப் பிரிக்கவே இல்லை.

இப்போது அந்த ஒற்றை அறையில்தான் இருக்கிறோம். சம்பளம் வந்த அன்று கைக்கு எவ்வளவு என்று அம்மா கேட்பதில்லை. "புடிச்சாங்களா?" என்றுதான் கேட்கிறாள். பிடித்தார்கள் என்று நான் சொன்ன பிறகுதான் காபியைக் கையில் எடுக்கிறாள்.