மாமனார் துப்பிய கிரேவி

மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள் ஆகிறது. கொழுப்பு கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நான் சமைத்த எதையும் இரண்டு வாய்க்கு மேல் அவர் தொடவில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

இன்று குன்னூர் குளிருக்கு ஸ்வீடன் பாணி மீட்பால் செய்தேன். சிக்கன் கொத்துக்கறியை உருட்டி, பொரிக்காமல் ஓவனில் சுட்டேன். கிரேவியில் கிரீம் கிடையாது. பாலும் கெட்டித் தயிரும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

மாமனார் முப்பது வருடம் எஸ்டேட் ஃபேக்டரியில் டீ ருசி பார்த்தவர். ஒரு ஸ்பூன் கிரேவியைச் சர்ரென்று உறிஞ்சினார். கண்ணை மூடி வாய்க்குள் சுழற்றினார். நானும் கணவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். "புடிக்கலீங்களா மாமா?"

"கிரீம் போடாம ஏமாத்திப்போட்டியே அம்மிணி. ஆனா நல்லாத்தான் இருக்குது. நாலு உருண்டை வெய்யி."

"அப்புறம் எதுக்குங்க துப்புனீங்க?"

"ருசி பாக்கறப்ப யாராச்சும் முழுங்குவாங்களா?"

ஆறு உருண்டை சாப்பிட்டார்.

நாளைக்குச் சாம்பார். தட்டுக்குப் பக்கத்தில் துப்புவதற்கு ஒரு படிக்கமும் வைத்துவிடவா? நீங்களே சொல்லுங்கள்.