கூரை வழியாக வந்தவள்

கிருஷ்ணப்பனுக்குச் சந்தேகம் அரைஞாண் கயிறு மாதிரி. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். பாப்பாரப்பட்டிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்து ஆள் சிரித்தால் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற” என்பது அவருக்கு வேதவாக்கு.

எண்பதுகளில் அந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு பரவியபோது அவரும் கிணற்றடியில் மல்பெரி நட்டார். சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. புழு நோஞ்சான் பிறவி. மிளகாய் நெடி ஆகாது, மீன் வாடை ஆகாது, வெளியாள் காலடி ஆகாது. கண்ணேறும் ஆகாது என்று இவர் சேர்த்துக்கொண்டார். புழு பழுத்துவிட்டால் இலை தின்னாது. உடனே பொறுக்கி, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் விட வேண்டும். அதில்தான் கூடு கட்டும். தாமதித்தால் இலையிலும் எச்சத்திலும் நூலை விட்டுப் பாழாக்கும். மற்ற வீடுகளில் அன்றைக்கு அக்கம்பக்கமே திரண்டு வந்து பொறுக்கும். கிருஷ்ணப்பன் வீட்டில் அவரும் மனைவி சின்னம்மாளும் மட்டும்தான்.

முந்தின வருஷம் புழுவெல்லாம் நோயில் செத்துப்போயிற்று. அந்த வாரம்தான் அடுத்த வீட்டு நூர் பாஷாவின் மனைவி ஹாஜிரா உறைமோர் கேட்டு வந்திருந்தாள். போதாதா? புழு அறைக்குப் பூட்டு வந்தது. இந்த வருஷம் அவள் நடுச்சுவரை ஒட்டியிருந்த அடுப்பைப் புழக்கடைக்கு மாற்றியதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். “அங்க இருந்து பாத்தா நம்ம சன்னல் தெரியும். அதான்.”

இந்தப் பயிரும் போனால் குடும்பம் எழுந்திருக்காது. அந்த நேரம் பார்த்துச் சின்னம்மாளுக்குக் காய்ச்சல். புழு பழுக்க இன்னும் நாளிருக்கிறது என்று நம்பி, அறையைப் பூட்டிவிட்டு அவளைத் தருமபுரிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தெரிந்தது. புழு அறைக் கூரையில் ஓடுகள் பிரிந்து கிடந்தன.

சத்தம் கேட்டு ஹாஜிரா வாசலுக்கு வந்தாள். புதுச்சேலை, தலையில் ஒட்டடை, முழங்கையில் சிராய்ப்பு. பூட்டைத் திறந்து பார்க்கும் பொறுமை அவருக்கு எங்கே இருந்தது?

“ஓட்டப் பிரிச்சி உள்ள எறங்கியிருக்கறா பாருங்கடா, திருடி! என் புழுவ அழிச்சிட்டா!”

தெருவே கூடிவிட்டது. ஹாஜிராவுக்குப் பின்னால், அவள் மகள் வஹிதாவைப் பெண் பார்க்கக் கடத்தூரிலிருந்து வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சின்னம்மாள் சாவியைப் பிடுங்கிப்போய் அறையைத் திறந்தாள்.

“என்னங்க, இங்க வந்து பாருங்க.”

எல்லாப் புழுவும் சந்திரிகையில் ஏறி, மஞ்சள் நூலை இழுத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வீணாகவில்லை.

“எல தின்ற சத்தம் தூறல் மாதிரி செவுத்துல கேட்டுக்கிட்டே இருக்கும்ணா,” என்றாள் ஹாஜிரா. “மத்தியானம் நின்னுபோச்சி. பழுத்துட்டுதுன்னு தெரிஞ்சிக்கிட்டன். பூட்டு தொங்குது, நீங்களும் இல்ல. வேற என்னண்ணா பண்றது?”

“மொளகா நெடி புழுவுக்கு ஆவாதுன்னுதான் அடுப்பயே மாத்துனா,” என்றாள் சின்னம்மாள். “உங்ககிட்ட சொன்னா நம்பியிருப்பீங்களா?”

கிருஷ்ணப்பன் வெளியே வந்து பார்த்தார். கடத்தூர்க்காரர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊற்றிய டீ அப்படியே இருந்தது.

அதன்பிறகு சோறு இறங்கவில்லை. கூடு நல்ல விலைக்குப் போனபோதும் சந்தோஷம் வரவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கடத்தூருக்கு பஸ் ஏறி, மாப்பிள்ளையின் அப்பா கரீமின் இரும்புக் கடையில் போய் நின்றார்.

“அன்னிக்கி நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க. அந்தம்மா தங்கம். என் புத்திதான் பீத்தப் புத்தி.”

கரீம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “பொண்ணு மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஆனா பக்கத்து வூட்டுக்காரரே சொன்னா நம்பாம இருக்க முடியுங்களா? வேற எடத்துல பேசி முடிச்சிட்டோம். இனிமே மாத்த முடியாது.”

அடுத்தவன் சொல்லை ஒருநாளும் நம்பாத கிருஷ்ணப்பன், தன் சொல்லை ஊர் இப்படிச் சட்டென்று நம்பும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸில் வரும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கடத்தூர் போய் வந்ததை அவரே நூர் பாஷாவிடம் சொன்னார். “விடுங்கண்ணா, நசீப். எங்க தலையெழுத்து,” என்றார் அவர். இரண்டு அடி போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது கிருஷ்ணப்பனுக்கு.

அடுத்த பயிர் பழுத்த அன்று அவர் நேராக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரை உதவிக்குக் கூப்பிட்டார்.

“ஹாஜிராம்மா, புழு பழுத்துட்டுது. வந்து கை குடுக்கணும்.”

மறுபேச்சில்லாமல் வந்தாள். ஆனால் புழு அறை வாசலில் நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை உதறி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

“நீங்க முன்னால போங்கண்ணா. உங்க கண்ணு முன்னாடியே நின்னு பொறுக்கறன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே பயந்து சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. வழியைவிட்டு விலகி, தெருவில் இறங்கி, எதிர்வீட்டுச் சுவரோரம் புழு அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பொழுது சாய்கிறவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.