வீடு என்று பதிந்துவைத்த இடம்

தென்காசியிலிருந்து இருபத்தாறு வருஷமாக நான் லைன் போகிறவன். சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி என்று ஏஜென்சி சரக்குக்கு ஊர் ஊராகக் கடை ஏறி ஆர்டர் எடுப்பதைத்தான் எங்கள் தொழிலில் லைன் என்போம். திங்கள் வீரகேரளம்புதூர், செவ்வாய் சுந்தரபாண்டியபுரம், புதன் பண்பொழி. எந்த முக்கில் நாய் துரத்தும், எந்தப் பாலத்தில் மழைக்குத் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் என் பைக்குக்கே தெரியும் என்று கடைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வேன். வாய்க்கொழுப்புத்தான்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுந்தரபாண்டியபுரத்தில் கடைசிக் கடையை முடித்துக்கொண்டு கிளம்பினேன். சூரியகாந்தி பூத்திருந்த நேரம். ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு முக்கு வந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மறந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த முக்கை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பலகையில் ஊர்ப் பெயர்கள் இருந்தன. எல்லாம் தெரிந்த பெயர்கள். எது என் வீட்டுப் பக்கம் என்பதுதான் பிடிபடவில்லை. வண்டியை ஓரங்கட்டி, பேசுகிறவன் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு எல்லாம் தானாகத் திரும்பி வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவும் பயம். போனால் அவர் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லுவார், வண்டியைத் தொடாதே என்பார். லைன் இல்லாவிட்டால் நான் யார்? அதற்குப் பதிலாக, பைக்குக்கென்றே வருகிற ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கினேன். ஹேண்டில்பாரில் திருகி மாட்டி, வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்கள். மழைக்குத் தாங்கும், கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும், வழி சொல்கிற குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்கும். மாட்டிவிட்ட கடைக்காரர், "அண்ணாச்சி லடாக் போறியளோ?" என்று சிரித்தார். "மூணாறு" என்றேன்.

வீட்டில் என் மனைவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "வீரகேரளம்புதூருக்குப் போறதுக்கு வானத்துல உள்ளவன்கிட்ட வழி கேக்கணுமாக்கும்" என்றாள். நானும் சிரித்தேன். அவள் அடுப்படிக்குப் போன பிறகு, எங்கள் பச்சைக் கேட் வாசலில் நின்றபடியே அந்த இடத்தை 'வீடு' என்று கருவியில் பதிந்துவைத்தேன். சொந்த வீட்டுக்கே வழி கேட்கிறவனாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு பயம் குறைந்ததா என்றால், கூடித்தான் போனது. முன்பு முக்குக்கு மட்டும் பயம். இப்போது வயருக்கும் பயம், சிக்னலுக்கும் பயம். குளிக்கும்போது பண்பொழி ரோட்டில் உள்ள ஊர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. குற்றாலச் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்ததும் இன்னொரு தொல்லை சேர்ந்தது. வெளியூர் வண்டிகள் நிறுத்தி, ஐந்தருவிக்கு எப்படிப் போகணும் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் வண்டியை விட்டு இறங்கி, பார்க்கிங் எங்கே கிடைக்கும் என்பது வரை சொல்லி அனுப்புவேன். இப்போது "நானும் வெளியூர்தாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தச் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைக் கூட்டிக்கொண்டு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். நனைந்துவிடும் என்று இரண்டு பேர் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டாள். திரும்பும்போது பதினோரு மணி இருக்கும். ஈரத்தலையோடு பின்னால் உட்கார்ந்து, மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று பேசிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டுக்குள் குரல் சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. குரல் நின்றது, திரை கறுத்துப்போனது. வயரை ஆட்டினேன், பொத்தானை அமுக்கினேன். கருவிக்குள் இருந்த பேட்டரியும் எப்போதோ கெட்டுப்போயிருக்கிறது. எதிரே ரோடு இரண்டாகப் பிரிந்தது.

வேகத்தைக் குறைத்து, விளையாட்டுப்போலக் கேட்டேன். "எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லு பாப்போம்."

"நல்லாக் கேட்டிய. எனக்கு என்ன தெரியும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க முதுகத்தான பாத்துக்கிட்டு வாரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி என்ஜினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகத்தைக் காட்ட முடியாது.

"எனக்குத் தெரியலட்டி" என்றேன்.

"என்னது தெரியல?"

"வீட்டுக்கு எப்படிப் போகணும்னு தெரியல."

அவள் சிரிக்கவில்லை. என் தோளில் இருந்த கை இறுகியது. "எம்புட்டு நாளா இப்படி இருக்கு?" என்றாள். ஒரு வருஷமாக என்றேன். எட்டி அந்தக் கறுத்த திரையை ஒருதரம் பார்த்தாள். எதற்காக வாங்கினேன் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு இறங்கி, ரோட்டோரம் ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்தவரிடம் போனாள். "அண்ணாச்சி, தென்காசிக்கு எந்தப் பக்கம்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். "இங்கன திரும்பி நேரா போங்க. வெளியூரா நீங்க?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், "தென்காசிதான்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழத்தை அடுக்கத் தொடங்கினார்.

"மெல்லப் போங்க. நான் ரோட்டப் பாக்கேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, வழியில் வந்த பலகைகளை எல்லாம் வாய்விட்டு வாசித்தாள். எனக்குப் புரிகிறதா என்று சோதிக்கிறாளோ, தனக்காக வாசிக்கிறாளோ, தெரியவில்லை. குழம்பைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை.

எங்கள் தெருவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். பச்சைக் கேட், பக்கத்தில் முருங்கை மரம். அவள் இறங்கவில்லை.

"இறங்குட்டி. வீடு வந்துட்டுல்லா?"

"தெரிஞ்சு நிறுத்துனியளா, நான் சொன்னேன்னு நிறுத்துனியளா?" என்று கேட்டாள்.

கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் கண் தானாக ஹேண்டில்பாரில் இருந்த கறுத்த திரைக்குப் போனது.